பிஸ்டன் வந்துவிட்டது, மிச்சப் பலகை எங்கே?

மாட் (புதிய வசதிகளைச் சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்ட மைன்கிராஃப்ட் விளையாட்டில் தானியங்கிக் கிராஃப்டிங் (பொருட்களைச் சேர்த்து இன்னொன்றைச் செய்வது) என்றால் இப்போது பலரும் நேராக அப்ளைடு எனர்ஜிஸ்டிக்ஸுக்குத்தான் போகிறார்கள். போகட்டும், அருமையான மாட்தான். ஆனால் பொருட்கள் கண்ணெதிரே ஊர்ந்து போகிற குழாய்களில் கொஞ்ச காலம் பழகிவிட்டுப் போனால், பிற்பாடு எங்காவது வேலை நின்றுபோகும்போது முதலில் எதைப் பார்ப்பது என்று சட்டென்று புரியும். 1.7.10 பதிப்பில் பில்ட்கிராஃப்ட், லாஜிஸ்டிக்ஸ் பைப்ஸ் என்ற இரண்டு குழாய் மாட்களும் போட்ட ஒரு சின்ன சர்வரில் நண்பர்களோடு ஆடியபோது பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக அடிப்படை மட்டும். பில்ட்கிராஃப்டில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு குணம். மரக் குழாய் பெட்டியிலிருந்து பொருளை உறிஞ்சும், ஆனால் எஞ்சின் வைத்தால்தான். ரெட்ஸ்டோன் (விளையாட்டில் மின்சாரம் மாதிரிப் பயன்படும் தாது) எஞ்சின் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்கும், எரிபொருள் கேட்காது. தங்கக் குழாய் வேகத்தைக் கூட்டும். இரும்புக் குழாய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே பக்கமாக அனுப்பும். அந்தப் பக்கத்தை ரெஞ்ச் என்ற கருவியால் மாற்றலாம். வைரக் குழாயில் ஆறு பக்கத்துக்கும் ஆறு நிறத்தில் வரிசைகள் இருக்கும், எந்தப் பொருள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதில் வைத்துவிடலாம். கப்ள்ஸ்டோன் குழாயும் ஸ்டோன் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒட்டாது. இரண்டு தடங்களை நெருக்கமாக இழுக்க இது எவ்வளவு உதவும் என்பது சின்ன அறைக்குள் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் குழாய்களுக்குத் தானாக யோசிக்கத் தெரியாது. பெட்டி நிரம்பியிருந்தால் பொருள் திரும்பி வரும், வேறு வழி தேடும், வழி இல்லாத முனையில் தரையில் கொட்டும். தரையில் விழுந்தது ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். எங்கள் சர்வரில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, வைரக் குழாயின் எல்லாப் பக்கத்தையும் இரும்பு, தங்கம், நிலக்கரி என்று நிரப்பி வைத்திருந்தான். சுரங்கத்திலிருந்து கிராவல் (சரளைக் கல்) வந்ததும் போக இடமில்லை. "அண்ணா, குழாய் ஒழுகுது" என்று கூப்பிட்டான். ஒரு பக்கத்து வரிசையைக் காலியாக விட்டு அங்கே ஒரு பெட்டி வைத்தோம். எதிலும் சேராதது எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான்.

லாஜிஸ்டிக்ஸ் பைப்ஸ் வந்த பிறகு விஷயம் வேறு உயரத்துக்குப் போனது. ப்ரொவைடர் குழாய் "என்னிடம் இதெல்லாம் இருக்கிறது" என்று சொல்லும். ரிக்வெஸ்ட் குழாயைத் திறந்து நமக்கு வேண்டியதைக் கேட்கலாம். கிராஃப்டிங் டேபிளை ஒட்டி வைத்த கிராஃப்டிங் குழாய், தன்னால் எதைச் செய்ய முடியும் என்பதை வலையமைப்புக்கு அறிவிக்கும். ஒரு பிஸ்டன் (பக்கத்துக் கட்டையைத் தள்ளும் கருவி) கேட்டால் மூன்று பலகை, நான்கு கப்ள்ஸ்டோன், ஓர் இரும்புக் கட்டி, ஒரு ரெட்ஸ்டோன் வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும். பலகை இல்லையா, பலகை செய்யும் இன்னொரு கிராஃப்டிங் குழாயிடம் கேட்கும். அது மரக்கட்டையை வரவழைக்கும். ஏதாவது குறைந்தால் எது குறைகிறது என்று பட்டியலே காட்டும். முதல் தடவை அந்தப் பிஸ்டன் குழாய் வழியாக வந்து சேர்ந்தபோது நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று பார்த்தோம்.

இங்கேதான் அந்தப் பலகை. ஒரு மரக்கட்டைக்கு நான்கு பலகை கிடைக்கும். பிஸ்டனுக்கு மூன்று போதும். நான்காவது பலகைக்கு வீடு எது? கட்டிடம் கட்டுவதில் கெட்டிக்காரரான ஒரு நண்பர் இந்த வலையமைப்பை அமைத்திருந்தார். பெட்டிகள் எல்லாம் அழகாக, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு. பலகைக்கு மட்டும் பெட்டி இல்லை, ஏனென்றால் பலகையை யாரும் சேமித்து வைக்கப்போவதில்லை என்று நினைத்திருந்தார். பிஸ்டன் கேட்கக் கேட்க மிச்சப் பலகைகள் இடம் தெரியாமல் வெளியே விழுந்துகொண்டிருந்தன. "பேசிக்" (அடிப்படை) என்ற வகைக் குழாய் ஒன்றை வைத்து, அதில் டிஃபால்ட் ரூட் என்பதைப் போட்டுவிட்டால், யாரும் வாங்காத பொருள் எல்லாம் அங்கே வந்துவிடும். சந்தை முடிந்ததும் விற்காத காய்கறியை அள்ளிக்கொண்டு போகிற வண்டி மாதிரி அது. என்னைக் கேட்டால், லாஜிஸ்டிக்ஸ் பைப்ஸில் முதல் பெட்டிக்கு முன்பே டிஃபால்ட் ரூட் வைக்க வேண்டும். ரெசிபி எல்லாம் அப்புறம்.

பிறகு புதிய பதிப்புக்கு மாறி, அப்ளைடு எனர்ஜிஸ்டிக்ஸ் 2 போட்டோம். குழாயில் பொருள் போவது இனிமேல் கண்ணுக்குத் தெரியாது. அதே நண்பர் இரும்பு உருக்க ஒரு ப்ராசஸிங் பேட்டர்ன் (எதைக் கொடுத்தால் எது வரும் என்ற குறிப்பு) செய்தார். அந்தக் குறிப்புப்படி பொருளைத் தரும் பேட்டர்ன் ப்ரொவைடர் இரும்பை உலைக்குள் தள்ளியது, உலை உருக்கியது, அடியில் இருந்த ஹாப்பர் (பொருளை எடுத்து நகர்த்தும் புனல்) கட்டியை எடுத்து ஒரு தனிப் பெட்டியில் போட்டது. பெட்டி நிறையக் கட்டிகள். கிராஃப்டிங் நிலைத் திரையோ இன்னும் கட்டிக்காகக் காத்திருப்பதாகவே காட்டியது. புதிதாக எது கேட்டாலும் வேலைகளை நடத்தும் கிராஃப்டிங் சிபியு காலியாக இல்லை.

பழுது எதுவும் இல்லை. அந்த வலையமைப்புக்கு உலை என்றால் என்ன என்றே தெரியாது. இதைக் கொடுத்தால் அது வரும் என்று பேட்டர்னில் எழுதியதை நம்பி, வரும்வரை காத்திருக்கும். கட்டி வலையமைப்புக்குள் நுழைந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்தப் பெட்டியிலிருந்து கட்டிகளை எடுத்து டெர்மினலில் (வலையமைப்பைத் திறக்கும் திரை) கையால் போட்டோம், நின்றிருந்த வேலை அந்த நிமிடமே முடிந்தது. பிறகு ஹாப்பரின் வாயை, பொருளை வலையமைப்புக்குள் வாங்கிக்கொள்ளும் எம்.இ. இன்டர்ஃபேஸ் பக்கம் திருப்பினோம். பெட்டிதான் வேண்டும் என்றால் அதிலிருந்து வலையமைப்புக்குள் இழுக்கும் ஒரு இம்போர்ட் பஸ் ஒட்டினாலும் போதும். அந்த நண்பர் உடனே சொன்னது: "இதுவும் அந்தப் பலகைக் கதைதான்." குழாயில் ஒருமுறை பார்த்தவர் என்பதால் அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

மாட் இல்லாமலும் இதே சிக்கல் உண்டு. 1.21 பதிப்பில் வந்த, தானாகச் செய்துதரும் கிராஃப்டரில் கேக் செய்தால் கேக்கோடு, பால் இருந்த மூன்று வாளியும் காலியாக வெளியே வரும். கேக் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காது, ஒவ்வொன்றும் ஓர் இடம் பிடிக்கும். 27 இடம் உள்ள பெட்டி சீக்கிரம் நிரம்பிவிடும். வாளியைப் பிரித்தெடுக்க ஹாப்பர் வடிகட்டி வைக்காமல் இதைத் தொடங்காதீர்கள். ஹாப்பர் ஒரு நொடிக்கு 2.5 பொருள்தான் நகர்த்தும் என்றாலும் இதற்குத் தாராளம். 

தெர்மல் டைனமிக்ஸ், எண்டர் ஐஓ போன்ற மற்ற குழாய் மாட்கள் பற்றி மற்றவர்கள் எழுதட்டும், எனக்கு அவற்றில் பழக்கம் குறைவு. லாஜிஸ்டிக்ஸ் பைப்ஸின் சாட்டிலைட் குழாயை வைத்து, ஒரே ரெசிபியின் பொருட்களை இரண்டு இயந்திரங்களுக்குப் பிரித்து அனுப்பியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? பாதிப் பொருள் வந்து மீதி வராமல் நின்றால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.