ஹர்ட்ஸுக்குப் பின்னால் நிற்கப் போகிறவர்

15 மார்ச் 2024, வெள்ளி

சித்தப்பா (மாலை 5:42): செய்தி பார்த்தீர்களா? அமெரிக்கக் கால்பந்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கென்னி பிக்கெட் நம்ம பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு வருகிறார். நம் முதல் குவாட்டர்பேக் ஹர்ட்ஸுக்கு பேக்கப், அதாவது மாற்று ஆள். போன சீசன் பேக்கப் மரியோட்டா வாஷிங்டனுக்குப் போனதிலிருந்து அந்த இடத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

பிட்ஸ்பர்க் அண்ணன் (5:47): இங்கே ஆபீஸில் மதியத்திலிருந்து இதே பேச்சு. ஸ்டீலர்ஸ் இன்னொரு குவாட்டர்பேக் ரசல் வில்சனை எடுத்ததும், தன்னை வேறு அணிக்கு அனுப்பிவிடச் சொல்லி பிக்கெட் கேட்டாராம். முதல் இடம் போனதும் கிளம்பியவர், அங்கே வந்து இரண்டாவது இடத்தில் எப்படி உட்காருவார் சித்தப்பா?

அத்தை (5:50): கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் மாதிரிதானே? அதற்கா இவ்வளவு யோசனை?

சித்தப்பா (5:52): இல்லை அக்கா. பன்னிரண்டாவது ஆள் ஃபீல்டிங் செய்யலாம், பேட் பிடிக்க முடியாது. இங்கே குவாட்டர்பேக் அடிபட்டு விழுந்தால் அடுத்த நிமிடமே மொத்த ஆட்டமும் இவர் கையில். 2017 டிசம்பர் 10 ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில்தான் பார்த்தோம்.

அத்தை (5:53): லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததே, அதுவா? நம் முதல் குவாட்டர்பேக் வென்ட்ஸுக்கு முழங்கால் போனது. நீ சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

சித்தப்பா (5:58): அதேதான். அன்றைக்கு உள்ளே வந்தவர் நிக் ஃபோல்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று இருந்தவர். அவரை 2 ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தபோது, உட்கார்ந்திருப்பவருக்கு இவ்வளவா என்று நானே கேட்டேன். 2018 பிப்ரவரி 4 அன்று அவர்தான் 373 கெஜம் எறிந்தார், ஒரு டச் டவுனை (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போவது) தானே பிடித்தார், 41-33 என்று பேட்ரியாட்ஸை முடித்தார். நம் ஊருக்கு முதல் சூப்பர் போல், லீக்கின் கோப்பை. ஒரு பேக்கப் கொடுத்தது.

நான் (6:01): பிக்கெட்டுக்கு என்ன விலை கொடுத்தார்கள்?

சித்தப்பா (6:04): இந்த ஆண்டு டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) நம்முடைய 98ஆவது இடத்தைக் கொடுத்து, அவர்களுடைய 120ஐ வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அடுத்த ஆண்டின் ஏழாவது சுற்றில் இரண்டு இடங்களையும் கொடுத்தார்கள். ஒப்பந்தம் இன்னும் 2 ஆண்டு இருக்கிறது, அதில் பெரிய தொகையை பிட்ஸ்பர்க் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. எனக்கு இது நல்ல பேரமாகத்தான் தெரிகிறது.

பிட்ஸ்பர்க் அண்ணன் (6:10): பணம் சரி. ஆட்டத்தைச் சொல்லுங்கள். போன சீசனில் 12 ஆட்டம், 6 டச் டவுன் எறிந்தார். ஆறே ஆறு. டிசம்பரில் கணுக்கால் அடிபட்டதும் பேக்கப் டிரபிஸ்கி வந்தார், சரிவரவில்லை. மூன்றாவதாக மேசன் ருடால்ஃப் வந்தார். 2021 நவம்பருக்குப் பிறகு ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்காதவர். சின்சினாட்டிக்கு எதிராக இரண்டாவது பிளேயிலேயே (பந்தை ஒரு தடவை நகர்த்தும் முயற்சி) பிக்கென்ஸுக்கு எறிந்தார், 86 கெஜம், டச் டவுன். வரிசையாக மூன்று வெற்றி, பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்று. பிக்கெட் குணமான பிறகும் அவரை இறக்கவில்லை. ருடால்ஃப் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார், ஒரு முணுமுணுப்பும் கிடையாது. பேக்கப் என்றால் அந்தக் குணம் வேண்டும்.

சின்னவன் (6:15): அண்ணா, நான் ஒன்று சொல்லலாமா? நானும் ஸ்கூல் டீமில் இரண்டாவது குவாட்டர்பேக்தான். காத்திருப்பது கஷ்டமில்லை. வாரம் முழுக்க எதிரணி குவாட்டர்பேக் மாதிரி நடித்துத்தான் நான் பந்து எறிகிறேன், நம் டிஃபென்ஸ் பழகுவதற்காக. அதனால் அவர்கள் ஆட்டம்தான் என் கைக்குப் பழக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி திடீரென்று உள்ளே போ என்றால், நம் ஆட்டத்தை அந்த வாரத்தில் முதல் தடவையாக அங்கேதான் எறிய வேண்டும்.

நான் (6:17): அக்டோபரில் மழையில் விளையாடினாயே, அன்றைக்கா?

சின்னவன் (6:20): ஆமாம் அக்கா. பிளே தொடங்கும்போது பின்னால் தரும் பந்தே, அந்த முதல் ஸ்னாப்பே, கையில் நிற்கவில்லை. பந்து சோப்பு மாதிரி வழுக்கியது. கோச் முதல் பையனுடைய பிளேக்களையே சொல்லிக்கொண்டிருந்தார், எல்லாம் தூரமாக எறிய வேண்டியவை. அடுத்த தடவை போனபோது, எனக்கு நன்றாகத் தெரிந்த மூன்று பிளே இருக்கிறது, அதையே கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். நான்கு தடவை எறிந்தேன், நான்கும் போய்ச் சேர்ந்தன.

சித்தப்பா (6:28): கண்ணா, நீ சொன்னதுதான் விஷயம். ஃபோல்ஸும் வந்ததும் ஜொலிக்கவில்லை. கடைசி வாரம் டல்லஸிடம் 6-0 என்று தோற்றோம். அப்புறம் கோச்சுகள் அவருடைய பழைய ஆட்டங்களைப் பார்த்து, அவருக்குக் கைவந்ததை பிளேபுக்கில், அதாவது பிளேக்களின் தொகுப்பில், முன்னால் கொண்டுவந்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. தலைமைக் கோச் டக் பீடர்சன், பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் நின்றவர். அவருக்குத் துணையாக இருந்த ஃப்ராங்க் ரைக், 1993 ஜனவரியில் ஜிம் கெல்லிக்குப் பதிலாக இறங்கி, 35-3 என்று பின்தங்கிய பஃபலோவை 41-38 என்று ஜெயிக்க வைத்தவர். இரண்டு பேருக்கும் அந்த இடத்தின் அருமை தெரியும். பிக்கெட் யார் என்பதைவிட, அவருக்காக ஆட்டத்தை மாற்றித் தருவார்களா என்றுதான் நான் பார்க்கிறேன்.

பிட்ஸ்பர்க் அண்ணன் (6:33): இப்போது யார் இருக்கிறார் அப்படி?

சித்தப்பா (6:36): கெல்லன் மோர். ஜனவரியில்தான் ஈகிள்ஸின் ஆஃபென்ஸ் (தாக்கி ஆடும் பகுதி) பொறுப்புக்கு வந்தார். டல்லஸில் பேக்கப்பாக இருந்தவர். 2016 பயிற்சி முகாமில் அவர் கால் எலும்பு முறிந்ததால்தான் டாக் பிரெஸ்காட் இரண்டாவது இடத்துக்கு ஏறினார். அப்புறம் முதல் குவாட்டர்பேக் ரோமோவுக்கு முதுகில் அடி, பிரெஸ்காட் 13 ஆட்டம் ஜெயித்தார். அந்த இடம் எப்படிக் கைமாறும் என்று மோருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிட்ஸ்பர்க் அண்ணன் (6:41): அது நியாயம். எங்கள் ஊரில் பிக்கெட்டுக்கு ஏற்ற மாதிரி யாரும் ஆட்டத்தை அமைத்துக் கொடுக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தூரமாக எறிய வேண்டிய நாளில் எனக்குப் பயம்தான். இரண்டு கையிலும் கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் எறிவார், கை சின்னது.

அத்தை (6:43): பிள்ளை எந்த ஊர்?

நான் (6:44): நம்ம நியூ ஜெர்சிதான் அத்தை. சின்ன வயதில் ஈகிள்ஸ் ரசிகராம்.

அத்தை (6:45): அப்படியென்றால் வரட்டும். நன்றாக இருக்கட்டும்.

சின்னவன் (6:50): சித்தப்பா, நாளைக் காலை பூங்காவுக்கு வருகிறீர்களா? பிடிக்க ஆள் வேண்டும்.

சித்தப்பா (6:52): ஏழு மணிக்கு வாசலில் நில். ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்துக்கொள், பந்தை நனைத்து எறிந்து பழகலாம். முதலில் உன்னுடைய அந்த மூன்று பிளே. அப்புறம் நான்காவது ஒன்று.