விண்டோஸ் மறுபடி போட்டால் 37 சதவீதத்தில் நிற்கிறது, பத்திரிகை ஃபைல்கள் போகக்கூடாது

அச்சுக்கடை அக்கா:

ராஜபாளையத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், சி, டி என்று இரண்டாகப் பிரித்தது. போன திங்கள்கிழமை ஆன் பண்ணினால் நீலத் திரை. திரும்ப ஆன் ஆகிறது, திரும்ப நீலத் திரை.

பென்டிரைவில் இருந்த விண்டோஸ் 10-ஐப் போட்டு, எதையும் ஃபார்மட் செய்யாமல் சி-யிலேயே இன்ஸ்டால் கொடுத்தேன். 37 சதவீதத்தில் ஃபைல் காப்பி ஆகவில்லை என்று நின்றது. இரண்டாம் தடவை 12-லேயே நின்றது. நடுவில் அதுவாகவே டிஸ்க்கை ஸ்கேன் பண்ணி ரிப்பேர் செய்கிறேன் என்று ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம் 11 சதவீதத்திலேயே நிற்கவும் பயந்து ஆஃப் பண்ணிவிட்டேன். காதை வைத்துக் கேட்டால் உள்ளே பல்லி கத்துவது மாதிரி ‘டக்... டக்’ என்கிறது.

டி-யில் 14 வருஷ பத்திரிகை இருக்கிறது. மூத்த பெண் கல்யாணத்துக்கு அடித்தவர்கள் இளையவளுக்கும் ‘அதே மாதிரி’ என்றுதான் வருவார்கள். சி-யை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டால் டி தப்பிக்குமா?

நைட்டு ஷிப்டு:

சி மட்டும் ஃபார்மட் பண்ணுங்க அக்கா, டி-க்கு ஒண்ணும் ஆகாது. நான் பத்து தடவை பண்ணிருக்கேன்.

பழைய டிஸ்க்:

தம்பி சொல்வது நல்ல டிஸ்க்குக்குச் சரி. சி, டி என்பதெல்லாம் ஒரே தட்டில் போட்ட கோடுதான். தட்டே கெட்டால் கோடு எதைக் காப்பாற்றும்? அக்கா, தயவுசெய்து அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள். இன்ஸ்டால் என்பதே பல ஜிபி எழுதும் வேலை. செக்டிஸ்க்கும் (அதுவாக ஆரம்பித்த அந்த ரிப்பேர் ஸ்கேன்) வேண்டாம். முழு ஸ்கேனில் அது ஒவ்வொரு செக்டராக, அதாவது டிஸ்க்கின் ஒவ்வொரு சிறு துண்டாகத் தட்டிப் பார்க்கும், ஃபைல் பட்டியலையும் தன் இஷ்டத்துக்குத் திருத்தும். நீங்கள் பயந்து நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவேண்டும். டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிள் லூசாக இருந்தாலும் இப்படி நிற்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் 05 (கெட்டதால் மாற்றிய செக்டர்), சி5 (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்), சி7 (கேபிள் வழியில் வந்த பிழை) மூன்று வரிகளையும் பார்த்துச் சொல்லுங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். சி5 ஏறியிருந்தால் டிஸ்க்கேதான். மாட்டியதும் ‘ஃபார்மட் செய்யவா’, ‘சரிசெய்யவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அச்சுக்கடை அக்கா:

பில் போடும் லேப்டாப்பில் மாட்டினேன். முதலில் வாங்கிய யூஎஸ்பி கேபிளில் டிஸ்க் சுற்றவே இல்லை. அது லேப்டாப் டிஸ்க்குக்கான கேபிளாம். தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ளது வாங்கி வந்த பிறகுதான் சுற்றியது. மஞ்சள் கட்டம் காட்டுகிறது. 05-இல் எல்லாம் சைபர், சி7-லும் சைபர், சி5-இல் கடைசியில் 68. 68 என்றால் பரவாயில்லையா?

பழைய டிஸ்க்:

அந்த மென்பொருள் பத்துப் பத்தாக இல்லை, பதினாறு பதினாறாக எண்ணுகிறது, அக்கா. 68 என்றால் நம் கணக்கில் 6×16+8 = 104. அதாவது 104 செக்டரைப் படிக்க முடியாமல் டிஸ்க் தவிக்கிறது. கேபிள் இல்லை, டிஸ்க்தான்.

புது எஸ்எஸ்டி ஒன்றும், படி எடுக்க 1 டிபி டிஸ்க் ஒன்றும் வாங்குங்கள். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, டிடி ரெஸ்க்யூ என்ற, கெட்ட டிஸ்க்கைப் படி எடுக்கும் மென்பொருளால் முழு டிஸ்க்கையும் 1 டிபி-க்குப் படி எடுக்கவேண்டும். அது நல்ல இடத்தை முதலில் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடத்தைத் தாண்டிப்போய்க் கடைசியில்தான் திரும்ப வந்து சுரண்டும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் ஃபைல் வேறொரு பென்டிரைவில் இருக்கட்டும். எது மூலம் (கெட்ட டிஸ்க்), எது படி (1 டிபி) என்று மூன்று தடவை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் 14 வருஷமும் காலி. பழகியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

விண்டோஸை எஸ்எஸ்டியில் போடுங்கள், மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துவிட்டு. இனி புதிதாகப் போடுவதால் 11-ஐயே பாருங்கள். 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

தாள் அளவு:

டிடிபிக்காரன் என்ற முறையில் ஒன்று. அக்கா டி, டி என்கிறார்கள், ஃபான்ட் எங்கே இருக்கிறது? சி-யில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். பாமினி மாதிரி பழைய ஃபான்ட் இல்லாமல் பத்திரிகையைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும்தான் தெரியும். டெஸ்க்டாப்பில் போட்டதும் சி-தான். பாதியில் நின்ற இன்ஸ்டால் எதையாவது நகர்த்தியிருக்கலாம், அதனால் பழைய விண்டோஸை ஒதுக்கிவைக்கும் விண்டோஸ் டாட் ஓல்ட் ஃபோல்டர் இருந்தால் அதற்குள்ளும் தேடுங்கள்.

நைட்டு ஷிப்டு:

அட, ஃபான்ட்! நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் அக்கா.

அச்சுக்கடை அக்கா:

மன்னிக்கவும், ஆறு நாள் கழித்து வருகிறேன். அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், அவனை உட்காரவைத்துச் செய்தேன். எது மூலம் என்று நான் நாலு தடவை கேட்டதில் அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு ஓடவிட்டோம், பெரும்பகுதி பதினொன்றுக்குள் வந்துவிட்டது. மிச்சக் கொஞ்சத்துக்குத்தான் விடிய விடிய ‘டக் டக்’. காலையில் பார்த்தால் மொத்தத்தில் 41 கேபி மட்டும் படிக்க முடியவில்லை.

ஃபான்ட் எல்லாம் விண்டோஸ் டாட் ஓல்டுக்குள் இருந்தது, 212 ஃபைல். தாள் அளவு தம்பி, நீங்கள் சொல்லாவிட்டால் அங்கே போய்ப் பார்த்தே இருக்கமாட்டேன்.

இதுவரை திறந்து பார்த்ததில் ஒரே ஒரு கோரல் (பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருள்) ஃபைல்தான் திறக்கவில்லை, ஒரு கிரகப்பிரவேசம். அதற்கும் பக்கத்திலேயே கோரல் தானாக எடுத்து வைத்த பேக்கப் காப்பி இருந்தது. அதைத் திறந்தால் தேதி மட்டும் பழசு. அவர்கள் நாள் மாற்றியபோது நான் திருத்தியது இதில் இல்லை.

பழைய டிஸ்க் இப்போது மேஜை டிராயரில் கிடக்கிறது. தூக்கிப்போடலாமா, இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமா?

பழைய டிஸ்க்:

வைத்திருங்கள், கரண்ட் மட்டும் கொடுக்காதீர்கள். முதலில் அந்த 1 டிபி-யில் இருப்பதை இன்னொரு இடத்தில் காப்பி எடுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது மறுபடியும் ஒரே படிதான்.