ஸ்பான் திடீரென ‘ஈஇன்வால்’ பிழை தருகிறது: அவசர உதவி தேவை

கொன்றைப்பூ:
வணக்கம். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய எங்கள் நோட்.ஜேஎஸ் பில்ட் ஸ்கிரிப்ட் (நிரலை வெளியீட்டுக்குத் தயார்செய்வது), வேறொரு நிரலை ஓட்டும் ‘ஸ்பான்’ அழைப்பில், இன்று காலை முதல் ‘ஸ்பான் ஈஇன்வால்’ (செல்லாத உள்ளீடு) என்று நின்றுவிடுகிறது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. மாலையில் வெளியீடு இருப்பதால் விரைந்து உதவுங்கள்.

மழைத்துளி:
எந்த இயங்குதளம், நோட் எந்தப் பதிப்பு, எதை ஸ்பான் செய்கிறீர்கள் என்று எதுவுமே சொல்லாமல் எப்படி உதவுவது?

நிலாமுற்றம்:
எனக்கு ஆன்டிவைரஸ் மீதுதான் ஐயம். பில்ட் கோப்புறையை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள்.

கொன்றைப்பூ:
விண்டோஸ்தான். நேற்றிரவு நோடை 18.20.2-க்கு உயர்த்தினார்கள், அதைப் பொருட்டாக நினைக்காததால் எழுதவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுக்கும் வெப்பேக்கின் வெப்பேக்.சிஎம்டி கோப்பை அழைத்து, கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கிளையின் பெயரை ஆர்கியுமென்ட்டாக, அதாவது உள்ளீடாகக் கொடுக்கிறோம்.

நிலாமுற்றம்:
அப்படியானால் ‘ஷெல்: ட்ரூ’ சேருங்கள், அழைப்பு ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) வழியாகப் போகும், தீர்ந்தது.

பழையவிசைப்பலகை:
வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது போலும். இது 2024 ஏப்ரலில் வந்த பாதுகாப்புத் திருத்தம். .பேட், .சிஎம்டி கோப்புகளை நேரடியாக அழைத்தாலும் விண்டோஸ் பின்னால் சிஎம்டி.எக்ஸ்ஈ என்ற தன் ஷெல்லைத்தான் எழுப்புகிறது, அதன் மேற்கோள் விதிகள் வேறு என்பதால், ஷெல் வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் ஆர்கியுமென்ட்டில் ஒளிந்திருக்கும் கட்டளை ஓடிவிடும் என்றுதான் நோட் இப்போது மறுக்கிறது. ‘ஷெல்: ட்ரூ’ போடுவது கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். கிளைப் பெயரில் ‘&’ குறியைக் கிட் அனுமதிக்கிறது, சிஎம்டி அதற்குப் பின் வருவதைத் தனிக் கட்டளையாக ஓட்டும் என்பதாவது தெரியுமா?

நிலாமுற்றம்:
கிளைகளுக்குப் பெயர் வைப்பவர்கள் அவருடைய குழுவினர்தானே? இதே சிக்கலுக்கு ரஸ்ட் மொழியின் 1.77.2-இல் எஸ்கேப் செய்யும் (சிறப்புக் குறிகளை வெறும் எழுத்தாக்கும்) முறையைத் திருத்தியதோடு விட்டார்கள். நோட் அழைப்பையே தடுத்தது மிகை.

பழையவிசைப்பலகை:
புல் ரிக்வெஸ்ட் (தன் கிளையின் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்புகிறவரும் அவருடைய குழுவா?

மழைத்துளி:
பாதுகாப்பாக எஸ்கேப் செய்ய முடியாத ஆர்கியுமென்ட் வந்தால் ரஸ்டும் பிழைதான் தருகிறது. இரட்டை மேற்கோளுக்குள் வைத்தாலும் சிஎம்டி-யில் சதவிகிதக் குறிகளுக்கு இடைப்பட்ட மாறி அதன் மதிப்பாக விரிந்துவிடும். கொன்றைப்பூ, அந்த .சிஎம்டி கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். நோடைக் கொண்டு வெப்பேக்கின் ஜேஎஸ் கோப்பை ஓட்டுவதுதான் அதன் வேலை. அதை நீங்களே செய்யலாம்: நிரலாகப் ‘பிராசஸ்.எக்ஸெக்பாத்’தையும் (ஓடிக்கொண்டிருக்கும் நோடின் பாதை), முதல் ஆர்கியுமென்ட்டாக ‘நோட்_மாட்யூல்ஸ்/வெப்பேக்/பின்/வெப்பேக்.ஜேஎஸ்’ என்ற பாதையையும் கொடுத்தால் சிஎம்டி இடையில் வராது.

கொன்றைப்பூ:
ஓடுகிறது, நன்றி. அதற்கு முன் ‘ஷெல்: ட்ரூ’ போட்டு, ‘சோதனை&கால்க்’ என்று ஒரு கிளை வைத்துப் பார்த்தேன்; பில்ட் நடுவே கால்குலேட்டர் திறந்துகொண்டது. அந்த வரியை நீக்கிவிட்டேன்.