லினக்ஸில் விளையாட எந்த இணையக் கடை ஏற்றது?

கேள்வி:
உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் மட்டுமே உள்ள என் மடிக்கணினியில், பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டு கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறது. லினக்ஸ் பயனரை உண்மையாகவே மதிக்கும் கடை எது?

மறுமொழி 1:
ஸ்டீம் என்பேன். 2013 பிப்ரவரியில் அதன் லினக்ஸ் செயலியை வெளியிட்ட, அக்கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற இணக்க மென்பொருளையும் சேர்த்தது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைனை அடிப்படையாகக் கொண்ட அது, விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை லினக்ஸிலும் இயங்கும் வல்கனுக்கு மாற்றித் தருவதால், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகள் பலவும் தடையின்றி ஓடுகின்றன. வேறு கடையில் வாங்கியதையும் ஸ்டீமில் சேர்த்து, அதன் பண்புகளில் புரோட்டான் பதிப்பை மாற்றிப் பாருங்கள். எனக்குக் கறுப்புத் திரை அப்படித்தான் விலகியது.

மறுமொழி 2:
என் மனம் ஜிஓஜி பக்கம். 2014 முதல் லினக்ஸ் விளையாட்டுகளை விற்கும் அக்கடையின் நிறுவுகோப்பை வன்தட்டில் சேமித்துவிட்டால், இணையமே இல்லாமலும் நிறுவலாம்.

மறுமொழி 3:
இணையவழிப் போட்டி விளையாட்டென்றால் கவனம் தேவை. ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்களான ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதல் புரோட்டானுக்கு இடமளித்தாலும், விளையாட்டின் உருவாக்குநர் அந்த வசதியை இயக்கிவைக்காதவரை எந்தக் கடையாலும் உதவ முடியாது.