சீனாவின் சுவான்சோ: ரயிலில் போய்ச் சோழநாட்டுச் சிற்பங்களின் சாயலைக் கண்டவர்கள்

சிங்கப்பூர் உறுப்பினர்:

சீனாவுக்கு முதன்முறை போகிற நம்மவர்கள் பெய்ஜிங், ஷாங்காய் என்றே திட்டம் போடுகிறார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் அந்த நாட்டில் ஒரே ஓர் ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால், அது ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சோவாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தமிழ் நூல்களில் குவான்சோ என்றும் எழுதுவார்கள். சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் (10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) உலகின் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. அராபியர்கள் சைத்தூன் என்று அழைத்த ஊர் இதுதான். இங்குள்ள 22 இடங்களைச் சேர்த்து 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

நான் அதே மாகாணத்து ஷியாமென் நகர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து ரயில் ஏறினேன். டிக்கெட்டை ரயில்வேயின் 12306 செயலியில் கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து எடுத்தேன். பதினைந்து நாள் முன்பே விற்பனை தொடங்கிவிடுகிறது. கையில் காகிதச் சீட்டு எதுவும் தேவையில்லை, கடவுச்சீட்டுதான் டிக்கெட். உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையை வைத்ததும் கதவு திறக்கிறது. நமக்கு ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழி இருக்கிறது, அங்கே நீட்டினால் போதும். பெட்டிகளை எக்ஸ்ரே சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் நிலையத்துக்குள்ளேயே நுழைய முடியும். ரயில் புறப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே நுழைவாயிலை மூடிவிடுகிறார்கள். ஆகவே கடைசி நேரத்தில் ஓடிப்போய் ஏறிவிடலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே எடுபடாது.

ஷியாமென் வடக்கு நிலையத்திலிருந்து சுவான்சோ ஏறத்தாழ அரை மணி நேரம். இரண்டு பாதைகள் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் திறந்த புதிய பாதையில் மணிக்கு 350 கிலோமீட்டர் வரை போகிறார்கள். சுவான்சோ கிழக்கு நிலையத்துக்கு டிக்கெட் எடுத்தால் ரயில் சுவான்சோ விரிகுடாவின் மேல் பாலத்தில் போகும். சன்னலோரம் வேண்டுமானால் இரண்டாம் வகுப்பில் ஏ அல்லது எஃப் எழுத்துள்ள இருக்கையைக் கேளுங்கள். பழைய நகரத்துக்குச் சுவான்சோ என்ற பெயரில் மட்டும் இருக்கும் பழைய நிலையம் வசதி. நகரில் மெட்ரோ கிடையாது. பஸ், டாக்சி, பழைய தெருக்களுக்குள் ஓடும் சிறிய வெள்ளை மின்பஸ்கள், இவைதான்.

இனி நான் சொல்ல வந்தது.

காய்யுவான் கோயில் 686இல் தோன்றிய பௌத்தக் கோயில். முன்னால் நிற்கும் இரண்டு கல் கோபுரங்களும் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூட்டமெல்லாம் அவற்றைப் படம் எடுப்பதிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள் இருக்கின்றன. வட்ட வட்டமான சட்டங்களுக்குள் சிற்பங்கள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர் ஒன்றில். இரண்டு மரங்களுக்கு நடுவே உரலை இழுக்கும் கண்ணன் ஒன்றில். முதலையிடம் சிக்கிய யானை இன்னொன்றில். யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டி சொன்ன கதைகள் வரிசையாகக் கல்லில் நின்றன.

இந்தத் தூண்கள் இந்தக் கோயிலுக்காகச் செய்தவை அல்ல. இங்கே குடியிருந்த தென்னிந்திய வணிகர்கள் கட்டிய கோயிலைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. யுவானுக்குப் பின்வந்த மிங் மரபின் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது இவற்றைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். 1956இல் இதே நகரில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலிய ஆட்சியாளரான கானின் ஆணைப்படி, அவர் உடல்நலம் வேண்டி இறைவனை எழுந்தருளச் செய்ததாகச் சொல்கிறது. அதன் இறுதியில் சீன எழுத்தும் உண்டு.

தூணருகே நான் நீண்ட நேரம் நின்றதைப் பார்த்து, ஜபமாலையோடு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி எழுந்து வந்தார். மேலே இருந்த சிற்பங்கள் என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று புரிந்துகொண்டு, தன் கைப்பேசி விளக்கை ஏற்றி உயர்த்திப் பிடித்தார். மொழிபெயர்ப்புச் செயலியில் “இது எங்கள் ஊர்க் கதை” என்று எழுதிக் காட்டினேன். உடனே இன்னும் இரண்டு தோழிகளை அழைத்துவிட்டார். நான் நரசிம்மர் கதையைத் துண்டு துண்டாகத் தட்டச்சு செய்யச் செய்ய, அவர் மற்றவர்களுக்கு உரக்கப் படித்தார். தகப்பன், மகன், தூண், சிங்கம். ஒருவர் கேட்ட கேள்வி: “அந்தப் பையன் பிழைத்தானா?” பிழைத்தான், அரசனானான் என்று எழுதினேன். மூவரும் தூணைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன்.

அவர்களுக்கு நான் மிகவும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். நம்முடைய கோயில் அங்கே அழிந்துவிட்டது. யுவான் ஆட்சியின் கடைசியில் நடந்த கலவரங்களுக்குப் பிறகு அயல்நாட்டு வணிகச் சமூகங்கள் சிதறின. கற்கள் மதிற்சுவர்களுக்கும் பாலங்களுக்கும் போயின. இருபதாம் நூற்றாண்டில் ஊ வென்லியாங் என்ற உள்ளூர் ஆசிரியர் தேடித்தேடிச் சேகரிக்கத் தொடங்கியதால்தான் பல இன்றைக்கு மிஞ்சியிருக்கின்றன. கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்துக் கோயில் கற்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. யானை பூவைத்துச் சிவலிங்கத்தை வணங்கும் சிற்பத்தைப் பாருங்கள். திருவானைக்காவல் போனவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். அரபு எழுத்துக் கல்லறைக் கற்களும், தாமரைமேல் சிலுவை செதுக்கிய கிறித்தவக் கற்களும் அதே கட்டடத்தில் இருக்கின்றன. திங்கட்கிழமை விடுமுறை.

பினாங்கு உறுப்பினர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழன். எங்கள் வரிசையில் கடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுவார்கள், அதனால் எனக்கும் அந்த மொழி வரும். அதன் தாய்நிலம் இந்தப் பகுதிதான். ஹோட்டல் வரவேற்பறையில் இருந்த இளம்பெண்ணிடம் பேசியபோது அவர் சீனாவின் பொதுமொழியான மாண்டரினிலேயே பதில் சொன்னார். ஆனால் சுவான்சோவின் பழைய கல்பாலமான லுவோயாங் பாலத்தில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் “சாப்பிட்டீர்களா?” என்று பினாங்கு ஹொக்கியனில் கேட்டேன். கையிலிருந்த சிறு கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பிறகு பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. என் பேச்சில் கலந்த மலாய்ச் சொற்கள் அவருக்குப் புரியவில்லை, அவருடைய சில சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய பெரியப்பா கப்பலேறிப் ‘பினாங்’ போனவராம். திரும்பவே இல்லையாம். அந்தக் குடும்பம் இருக்கும் தெரு எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல மிகவும் வருத்தமாக இருந்தது.

பாலத்தைப் பற்றியும் அவர்தான் விளக்கிச் சொன்னார். 1053இல் தொடங்கி 1059இல் முடித்தது. அடித்தளக் கற்கள் அலையில் நகராமல் இருக்க அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்திருக்கிறார்கள். சிப்பி ஓடுகள் வளர்ந்து கற்களை ஒன்றோடொன்று இறுக்கிவிடும். நீர் வடிந்திருக்கும் நேரத்தில் போனால் தூண்களின் அடியைக் கண்ணால் பார்க்கலாம். காலையிலா மாலையிலா என்பது அன்றைய ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது, ஹோட்டலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கோவை உறுப்பினர்:

சைவம் சாப்பிடுகிறவர்கள் தயங்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். ஊரின் புகழ்பெற்ற காலை உணவு, கூழ் போன்ற மெல்லிய சேமியா. அதன் சாற்றில் இறைச்சியோ கடல் உணவோ சேர்வது வழக்கம், ஆகவே விட்டுவிடுங்கள். பௌத்தக் கோயில்களின் அருகே சைவ உணவகங்கள் இருக்கின்றன. முட்டை, மீன் சாறு, இறைச்சி வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய அட்டை ஒன்றை என் மகள் தயாரித்துக் கொடுத்திருந்தாள். ஒரு கடையில் அதைப் படித்த அம்மா, வாணலியை எனக்காக மறுபடி கழுவி, கீரையை வதக்கிக் கொடுத்தார். கேட்காமலே செய்தார். வெயிலுக்குக் கடற்பாசியில் செய்த குளிர்ந்த கூழ்மத்தைத் தேன் விட்டுத் தருவார்கள், நல்ல உணவு. ரயில் பெட்டிகளில் வெந்நீர்க் குழாய் இருக்கிறது. நான் அவல் உப்புமா கலவையை அதில் நனைத்துச் சாப்பிட்டேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சீனாவில் பணம் செலுத்தப் பயன்படும் அலிபே செயலியில் நம் வங்கி அட்டையை ஊரிலேயே இணைத்து, அடையாளச் சரிபார்ப்பையும் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை செலுத்தும் தொகை 200 யுவானுக்கு மேல் போனால் வெளிநாட்டு அட்டைக்குக் கட்டணம் பிடிக்கிறார்கள்.

நேரம் இருந்தால் 1009இல் தொடங்கிய சிங்ஜிங் பள்ளிவாசலையும், அதற்குச் சற்றுத் தள்ளி ஊதுபத்திப் புகையில் நிற்கும், சீனர்கள் தெய்வமாக வணங்கும் போர்வீரர் குவான் யூவின் கோயிலையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பள்ளிவாசலின் தொழுகைக்கூடத்துக்கு இப்போது கூரை இல்லை. நான் போனபோது அங்கே ஓர் ஆசிரியை சிறு பிள்ளைகளுக்குச் சுவரில் இருந்த அரபு எழுத்துகளைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் என்னிடம் வந்து, “எந்த நாடு?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். இந்தியா என்றேன். ஆசிரியை உடனே காய்யுவான் கோயில் இருக்கும் திசையைக் காட்டி, அங்கே போனீர்களா, தூண்களைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

சிங்கப்பூர் உறுப்பினர்:

கோவை அண்ணா, அந்த ஆசிரியை கேட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பினாங்குத் தம்பிக்கு: அந்தப் பெரியவரின் குடும்பப் பெயரும் கிராமத்துப் பெயரும் நினைவிருந்தால், பினாங்கில் இருக்கும் ஹொக்கியன் குலச் சங்கங்களில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பழைய உறுப்பினர் பதிவேடுகளை வைத்திருப்பார்கள். கிடைத்தால் அவருக்கு எழுதுங்கள்.