கடலோரத் தொட்டிக்குக் கன்னைட்டிங் போதுமா?

கேள்வி: கடலோரத்தில் உள்ள எங்கள் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில், அடிப்பகுதிக் கான்கிரீட் பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. ஒப்பந்ததாரர் கன்னைட்டிங் (சிமெண்ட் கலவையை அழுத்தக் காற்றால் தெளித்துப் பூசும் முறை) செய்யலாம் என்கிறார். கைப்பூச்சைவிட அது எவ்வகையில் மேலானது?

மறுமொழி 1: கன்னைட்டிங்கின் உலர்முறையில், சிமெண்டும் மணலும் அழுத்தக் காற்றினால் குழாய் வழியே வந்து, முனையில்தான் நீருடன் சேர்ந்து, வேகமாக மோதி இறுகுவதால், அச்சுப்பலகை இல்லாமலே அடிப்புறத்திலும் பிடித்துக்கொள்ளும். 1907இல் சிகாகோ அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரைச் சீராக்க இதை உருவாக்கிய கார்ல் ஏக்லி, விலங்குகளைப் பாடம் செய்பவர் என்பது சுவையான செய்தி. இருப்பினும், சுத்தியலால் தட்டும்போது வெற்றொலி எழும் இடம் முழுவதையும் கொத்தியெடுத்து, கம்பியின் பின்புறம் வரை துருவை நீக்கிய பின்னரே தெளிக்க வேண்டும்.

மறுமொழி 2: தெறித்து விழும் கலவையில் மணலே மிகுதி என்பதால், அதை அள்ளி மீண்டும் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள். முனையைப் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடிக்கத் தெரிந்த கைதேர்ந்த ஆள் இல்லையெனில், கம்பிக்குப் பின்னால் மணல் சேர்ந்து வெற்றிடம் உண்டாகும். பூசிய பரப்பைத் தொடர்ந்து ஈரமாக வைத்திருக்கும் நீராற்றலிலும் குறை வைக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. சில கம்பிகள் பாதியாக மெலிந்துவிட்டனவே?

மறுமொழி 1: அப்படியானால் தெளிப்பு மட்டும் போதாது. கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவில் புதிய கம்பி சேர்த்த பிறகே பணியைத் தொடங்கச் சொல்லுங்கள். அதுவரை தொட்டியை நிரப்ப வேண்டாம்.