கட்சிக்கு உழைக்கிறேன், காசும் கொடுக்க வேண்டுமா?

வாசல்படி எழுதியது:

கட்சியின் பெயரையும் நாட்டின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். சொன்னால் இந்த இழை எந்தத் திசையில் போகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

மூன்று தேர்தல்களாக ஒரு கட்சிக்காக வீடு வீடாகப் போயிருக்கிறேன். துண்டறிக்கை கொடுப்பேன், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வேன், திட்டுகிறவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டுவேன். பணம் மட்டும் கொடுத்ததில்லை. என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை.

இந்த முறை கேட்கிறார்கள். நேற்று ஒரே நாளில் ஏழு குறுஞ்செய்திகள், எல்லாம் தலைவரின் பெயரில். "இன்று நள்ளிரவுக்குள்" என்று ஒன்று. "எங்களைக் கைவிட்டுவிட்டீர்களா?" என்று ஒன்று. ஏழாவதில், "நன்கொடையாளர் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இல்லை." கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது.

கையில் அறவே பணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்துவிட்டு மறந்துபோகிற அளவுக்கும் இல்லை. "உன் செருப்பு தேய்ந்தது போதாதா?" என்கிறார் கணவர். நான் கொடுக்கும் சிறு தொகையால் ஏதாவது ஆகுமா? ஆகும் என்றால் யாரிடம், எப்போது கொடுப்பது? கொடுக்காமல் இருந்தால் இந்த உறுத்தல் நியாயமானதுதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எதிர்க்காற்று எழுதியது:

கொடுக்காதீர்கள். 2020இல் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற மைக்கேல் புளூம்பெர்க் தன் சொந்தப் பணத்தில் சுமார் 100 கோடி டாலரை இறைத்தார். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்களில் அவர் வென்றது அமெரிக்க சமோவா என்ற சிறு தீவுப் பகுதியை மட்டும். பணத்தால் வாக்கு விளையும் என்றால் அவர் அறுவடை செய்திருக்க வேண்டும்.

அவராவது கோடீசுவரர். அதே ஆண்டு கென்டக்கி மாநிலத்தில் செனட் தொகுதிக்கு நின்ற ஏமி மெக்ராத்துக்கு நாடு முழுவதும் இருந்து உங்களைப் போன்றவர்கள் அனுப்பியதும் சேர்ந்து 9 கோடி டாலரைத் தாண்டியது. அவர் எதிர்த்து நின்ற, ஏற்கெனவே பதவியில் இருந்த மிட்ச் மெக்கானல் ஏறக்குறைய 20 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தொகுதியின் நிலவரமே தெரியாது. மெக்கானல் மேல் இருந்த கோபத்தைப் பணமாக அனுப்பினார்கள். கோபம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை.

பழைய பொருளாளர் எழுதியது:

அம்மா, முந்தையவர் சொன்ன எண்கள் சரி. முடிவுதான் அவசரப்பட்டது.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குப் பொருளாளராக இருந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தோற்றோம்.

தேதி போட்டு வரவு எழுதியதால் ஒன்று கண்ணில் பட்டது. முதல் ஒன்றரை மாதம் வரவுப் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. வந்ததில் பெரும்பகுதி கடைசி வாரத்தில் வந்தது, அதிலும் கடைசி மூன்று நாட்களில் கொட்டியது. நல்லதுதானே என்று தோன்றும். அந்த மூன்று நாளில் எதை வாங்குவது? அச்சகத்தில் எங்களுக்கு முன்னால் நாலு கட்சிகள் நின்றன. கெஞ்சி ஒரு சுற்று சுவரொட்டி அடித்தோம். அது கைக்கு வந்தது பிரசாரம் முடிய ஆறு மணி நேரம் இருக்கும்போது. ஒட்ட ஆள் இல்லை. பிரிக்காத கட்டு ஒன்று இன்றும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, சணல் கயிறு கூட அவிழவில்லை. அதே பணம் முதல் மாதம் வந்திருந்தால் ஒரு அறை பிடித்திருப்போம். தொண்டர்கள் உட்கார ஓர் இடம், ஒரு மேசை, வாக்காளர் பட்டியலின் நகல்கள். அந்த அறை இல்லாமல் எத்தனை மாலைகள் வீணாயின என்று எனக்குத் தெரியும்.

ஆகையால் உங்களுக்கு வரும் "நள்ளிரவுக்குள்" என்ற செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம். சில நாடுகளில் கணக்கு ஒப்படைக்கும் கெடு என்று ஒன்று உண்டு. அந்தத் தேதிக்குள் பெரிய தொகை காட்டினால் செய்தியில் வரலாம் என்று அவர்களுக்கு ஆசை. அது அவர்களுடைய அவசரம்.

இன்னொன்று. ஒரு மாலை, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் வந்தார். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து மேசையில் எண்ணி வைத்தார். மடிப்பு விழுந்த நோட்டுகள், மேலே கொஞ்சம் சில்லறை. ரசீதில் என்ன பெயர் எழுத என்று கேட்டேன். ஓர் ஆண் பெயரைச் சொன்னார்.

"இவர் யார் அம்மா?"

"என் வீட்டுக்காரர். போய் இரண்டு வருடம் ஆகிறது. இருந்திருந்தால் அவர்தான் வந்து கொடுத்திருப்பார்."

பேனாவை மூடி வைத்தேன். கொடுப்பவர் ஒருவர், ரசீதில் பெயர் இன்னொருவர் என்று எழுதக் கூடாது. பெரும்புள்ளிகள் தங்கள் பணத்தை வேலையாட்களின் பெயரில் பிரித்துக் கொடுப்பதைத் தடுக்கப் போட்ட விதி, வந்து மாட்டியது இந்த அம்மாள். எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் பெயரைச் சொன்னார். எழுதிக் கொடுத்ததைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார். "இனிஷியல் அவருடையதுதானே, போதும்" என்று சொல்லி, அதே கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

இதை நெகிழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. அந்த வாரம் ஒரு ஒப்பந்தக்காரர் எங்கள் கூட்டங்களுக்கெல்லாம் மண்டப வாடகை தானே கட்டுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வேட்பாளர் என்னைப் பார்த்தார். நான் சிறு ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு மண்டபத்துக்கு இருந்தது. இரண்டு போதும், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சிறு தொகையின் பலன் என்னவென்று கேட்டால் நான் கண்ணால் கண்டது இதுதான்: வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலை. அந்த அம்மாளின் பணம் ஒரு வாக்கைக் கூடக் கொண்டுவந்திருக்காது.

உங்களுக்கு என் யோசனை: தலைமைக்கு வேண்டாம். உங்கள் தொகுதியில் நிற்பவரின் பொருளாளர் யார் என்று விசாரித்து, நேரில் பேசி, இப்போதே கொடுங்கள். எதற்குச் செலவழிப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

அரசியல் அறிவியல் படிக்கிறவன். பெரியவர் அனுபவத்தில் சொன்னதற்குப் பக்கத்தில் ஆய்வுகளையும் வைக்கிறேன். எல்லாம் அமெரிக்க ஆய்வுகள், அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதவியில் இருப்பவர் செலவழிக்கும் பணத்தைவிட அவரை எதிர்த்து நிற்கும் புதியவர் செலவழிக்கும் பணத்துக்குப் பலன் அதிகம் என்று 1978இலேயே கேரி ஜேக்கப்சன் காட்டினார். முன்னவரை எல்லாருக்கும் தெரியும். பின்னவர் யார் என்று சொல்லவே பணம் வேண்டும். 2018இல் ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 49 களப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொதுத் தேர்தலில் பிரசாரத் தொடர்பும் விளம்பரமும் ஒருவர் யாருக்கு வாக்களிப்பார் என்பதை மாற்றும் அளவு, சராசரியாகப் பூச்சியத்தை ஒட்டித்தான் இருந்தது.

வாக்களிக்கவே வராதவரை வரவைப்பது வேறு. ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் 1998இல் நியூ ஹேவன் நகரில் நடத்திய பரிசோதனையில், வீட்டுக்கு நேரில் போய்ப் பேசியபோது வாக்குப்பதிவு தெளிவாகக் கூடியது. கூலிக்கு ஆள் வைத்துத் தொலைபேசியில் அழைத்ததில் பலன் கிடைக்கவில்லை. வாசல்படி அவர்களே, உங்கள் தேய்ந்த செருப்புக்குச் சான்று இருக்கிறது. உங்களுக்கு உறுத்த வேண்டியதே இல்லை.

கடல்தாண்டி எழுதியது:

யாரும் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. நாட்டுக்கு நாடு இது தலைகீழாக மாறும், கொடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் மத்தியக் கட்சிகளுக்குக் கொடுக்கும் முதல் 400 டாலரில் 75 சதவீதம் வரிச் சலுகையாகத் திரும்பி வரும். ஜெர்மனியில் தகுதி பெற்ற கட்சிக்கு நீங்கள் ஒரு யூரோ கொடுத்தால் அரசு தன் பங்காக 45 சென்ட் சேர்க்கும், அதற்கு வரம்பு உண்டு. நியூயார்க் நகரத் தேர்தலில் பொது நிதித் திட்டத்தில் சேர்ந்த வேட்பாளருக்கு உள்ளூர்வாசியின் சிறு தொகை ஒவ்வொரு டாலருக்கும் 8 டாலர் வரை பொதுப் பணம் கிடைக்கும். சியாட்டிலில் இன்னும் ஒரு படி மேலே: 2017 முதல் நகரமே ஆளுக்கு நான்கு 25 டாலர் சீட்டுகளைக் கொடுத்து, பிடித்த வேட்பாளருக்குக் கொடுங்கள் என்கிறது. அமெரிக்க மத்திய வருமான வரியிலோ அரசியல் நன்கொடைக்கு ஒரு காசும் கழியாது.

உங்கள் பெயர் வெளியே தெரியுமா என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 200 டாலரைத் தாண்டினால் பெயர், முகவரி, வேலை எல்லாம் பொதுப் பதிவில் வரும். இணையத்தில் எவரும் தேடலாம். மேலதிகாரியும் தேடுவார், சம்பந்தியும் தேடுவார். இந்தியாவில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். பெயரே தெரியாமல் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது.

நம்மவர்கள் பலர் சிக்குவது குடியுரிமையில். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அங்கே எந்தத் தேர்தலுக்கும் பணம் கொடுக்கக் கூடாது. வேலை விசாவில் இருந்துகொண்டு நண்பர் கேட்டார் என்று அட்டையைத் தேய்த்துவிடாதீர்கள்.

இணையத்தில் கொடுப்பதாக இருந்தால் பக்கத்தின் அடிவரை படியுங்கள். 2020 அமெரிக்கத் தேர்தலில் "மீண்டும் மீண்டும் கொடுக்கிறேன்" என்ற கட்டத்தில் பணம் திரட்டியவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு முறை கொடுத்ததாக நினைத்தவர்களுக்கு வாரா வாரம் பணம் போயிற்று. அப்படி முன்கூட்டியே டிக் போடுவதைத் தடை செய்யச் சொல்லி, 2021இல் அங்குள்ள மத்தியத் தேர்தல் ஆணையம் ஒருமனதாக நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. கட்சியின் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு, திரட்டுவதை மறுபடியும் திரட்டுவதற்கே செலவழிக்கும் அமைப்புகளும் இருக்கின்றன.

வாசல்படி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பொருளாளர் ஐயா, ஒரு சந்தேகம். குறுஞ்செய்திகளை நிறுத்தச் சொல்லி பதில் அனுப்பினால் தலைமைக்குத் தெரிந்து என்னைத் தவறாக நினைப்பார்களா? சிரிக்காதீர்கள்.

பழைய பொருளாளர் எழுதியது:

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அந்தச் செய்தியைத் தலைவர் பார்த்திருக்கவே மாட்டார் அம்மா. எந்த வாக்கியத்துக்கு அதிகம் பணம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து இயந்திரம் அனுப்புகிறது. "கைவிட்டுவிட்டீர்களா" என்பதற்கு நன்றாக விழுந்திருக்கும், அதனால்தான் உங்களுக்கும் வந்தது. தாராளமாக நிறுத்துங்கள்.

கொடுப்பது என்று முடிவு செய்தால், தொகையை முதலில் தாளில் எழுதி வையுங்கள். பிறகு யார் கேட்டாலும் அந்தத் தாளைப் பாருங்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஒளித்துக் கொடுத்த நன்கொடையால் நடந்த சண்டையைத் தீர்க்க எங்கள் வேட்பாளரே ஒரு வீட்டுக்குப் போக வேண்டி வந்தது.

வாசல்படி எழுதியது (பத்து நாள் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தொகையை எழுதி வைத்தேன். கணவர் பார்த்தார், பேனாவை வாங்கிக் கொஞ்சம் குறைத்தார், சரி என்றார். எங்கள் தொகுதி வேட்பாளர் முதல் முறை நிற்பவர். அவருடைய பொருளாளர் ஒரு சின்னப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். "இந்தப் பணத்தில் என்ன செய்வீர்கள் தம்பி?" என்று கேட்டேன். திகைத்துப் போனான். சுவரொட்டி என்று சொன்னால் திரும்பி வந்துவிடுவது என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன்.

யோசித்துவிட்டு, "அக்கா, ரசீதுப் புத்தகமே இன்னும் அடிக்கவில்லை. அது இல்லாமல் மற்றவர்கள் கொடுப்பதையும் வாங்க முடியாமல் நிற்கிறேன்" என்றான்.

கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தான். நேற்று புத்தகம் வந்ததும் அவனே வீட்டுக்கு வந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தான். வலது மூலையில் எண் 1. இனிஷியலைத் தவறாக எழுதியிருந்தான். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

செய்திகளை நிறுத்தச் சொல்லி அனுப்பியும் இன்று காலை இரண்டு வந்தன. நன்கொடையாளர் பட்டியலில் என் பெயர் இன்னும் இல்லையாம்.